முன்னேற்றம் தென்பட்டால்

பவித்ரா வீட்டுச் சுவர்த்திரையில் அதிகாரி தோன்றினார். அவளுடைய மகள், பேச்சு வராத இளவேனிலுக்கு இன்று மதிப்பீடு. முன்னேற்றம் தென்பட்டால், அரசு கொடுத்த பேச்சுப் பயிற்சி இயந்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். போன வருடம் தானாகச் சாப்பிடுகிறாள் என்று கைப்பயிற்சியை நிறுத்தினார்கள். ஒரே மாதத்தில் கரண்டி பிடிக்கவே மறந்துவிட்டாள்.

“பாப்பா ஏதாச்சும் பேசுதாம்மா?”

“இல்ல சார்,” என்றாள் பவித்ரா.

அந்தக் குரல் கேட்டு இளவேனில் திரும்பினாள். தினமும் சோறூட்டும்போது பவித்ரா வாயசைத்துக் காட்டிய வார்த்தை, பிறந்ததிலிருந்து முதன்முறையாக, வெளியே வந்தது.

“ம்மா...”

பவித்ரா பாய்ந்து, திரைக்கு முதுகு காட்டி மறைத்தபடி மகளின் வாயைப் பொத்தினாள்.

“என்னம்மா சத்தம்?”

“இருமல்! வெறும் இருமல்தான்யா! எழுதிக்கோ!” என்று கத்தினாள்.

அவள் உள்ளங்கைக்குள் அந்த வார்த்தை மறுபடியும் சூடாக வந்து முட்டியது.