பூனைக்கு ஒரு தாமதச் சான்றிதழ்

காலை பத்து மணிக்குப் பனியில் சிக்கிய ரயில், பன்னிரண்டு மணிக்கும் அங்கேயேதான் நின்றது.

எங்கள் எச்சிகோ மலைப்பக்கத்தில் இதெல்லாம் சகஜம். ரெண்டே பெட்டி. ஓட்டுநர் இறங்கிச் சக்கரத்தடியில் பனியை வெட்டிக்கொண்டிருந்தார். உள்ளே எங்களைச் சமாளிக்க ஒரே ஒரு கண்டக்டர்.

பெயர் குரிஹாரா என்று சட்டையில் இருந்தது. ஐம்பது வயதிருக்கும். ஜனவரியிலேயே பூப்பூக்கிற போஷு கடற்கரையிலிருந்து போன மாதம்தான் மாற்றலாகி வந்தாராம். அதுவரை பனியைக் காலண்டரில் பார்த்ததோடு சரி.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து, குனிந்து மன்னிப்புக் கேட்டார். குனியும்போதெல்லாம் தொப்பி கீழே விழுந்தது.

"எப்பங்க கிளம்பும்?" பனிச்சறுக்குக் கட்டையோடு வந்திருந்த டோக்கியோக்காரர் எகிறினார். "எங்க ஊர்ல மூணு சென்டிமீட்டர் விழுந்தாலே ரயிலை நிறுத்திடுவாங்க. நீங்க எந்த தைரியத்துல ஓட்டுனீங்க?"

"மூணு சென்டிமீட்டரா? அதுக்கு இங்க பேரு தூசி," என்றார் எதிர் சீட்டு மீன்கடைக்காரர். அந்தச் சூட்டோடு கண்டக்டர் பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணு சார், பழைய கண்டக்டருங்க இருந்திருந்தா இந்நேரம் வண்டி ஊர் போய்ச் சேர்ந்திருக்கும்."

"மன்னிச்சிடுங்க. ரொம்ப மன்னிச்சிடுங்க." தொப்பி விழுந்தது.

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. பல் டாக்டரின் கிளினிக்கைப் பதினோரு மணிக்கு நான்தான் போய்த் திறக்கவேண்டும். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் ஒரு கூட்டமே நிற்கும். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று எழுந்தேன்.

குரிஹாராவின் உதடு துடித்துக்கொண்டிருந்தது. இன்னும் ரெண்டு பேர் திட்டினால் மனிதர் அழுதுவிடுவார். அது தெரிந்தும்தான் எழுந்தேன்.

அதற்குள் ஜன்னலோரத்தில் ஒரு குரல் வெடித்தது.

"யோவ் கண்டக்டர்! என் பூனைக்கு யாருய்யா பதில் சொல்றது?"

எழுபதைத் தாண்டிய ஆள். மூக்குவரை சுற்றிய கட்டம்போட்ட மஃப்ளர்.

"பூ... பூனைங்களா?"

"ஆமாய்யா, பொன்தா! பன்னெண்டு மணிக்கு மீன் வைக்கலன்னா என்னை மனுஷனாவே மதிக்காது. ஆபீஸ் போறவங்களுக்கெல்லாம் ரயில் லேட்டுன்னு தாமதச் சான்றிதழ் தர்றீங்கல்ல? என் பூனைக்கும் ஒண்ணு எழுது. பேரைப் போட்டு, முத்திரை குத்தி!"

குரிஹாரா நிஜமாகவே சான்றிதழ்த் தாளை எடுத்தார். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். "திரு. பொன்தா அவர்களுக்கு..."

"திருவா? பொட்டைப் பூனைய்யா அது!"

"மன்னிச்சிடுங்க. செல்விங்களா, திருமதிங்களா?"

"நாலு குட்டி போட்டிருக்கு!"

"அப்ப திருமதிங்க." அடித்துத் திருத்தினார்.

"இன்னொண்ணு. வெளிய பனி எதுக்கு இவ்ளோ வெள்ளையா இருக்கு? கண்ணு கூசுது. அதுக்கும் மன்னிப்புக் கேளு!"

"வெள்ளையா இருக்கறதுக்கு... மன்னிச்சிடுங்க." தொப்பி விழுந்தது.

"போதும் நிறுத்துங்க பெரியவரே!" என்று கத்தியது யார் தெரியுமா? அந்த டோக்கியோக்காரர். "பனி விழுந்தா அவர் என்னங்க பண்ணுவார்? அவரா மேல உக்காந்து கொட்டுறார்?"

"அதானே!" மீன்கடைக்காரர் தொப்பியை எடுத்துத் தட்டி, குரிஹாராவின் தலையில் தானே வைத்துவிட்டார். "சார், நீங்க உக்காருங்க. இந்த மாதிரி ஆளுங்க பேச்சைக் காதுல போட்டுக்காதீங்க."

பின் சீட்டு அம்மா ரெண்டு ஆரஞ்சை உரித்தே கொடுத்தார். நான் என் மதியச் சாப்பாட்டுச் சோற்று உருண்டையை நீட்டினேன். உள்ளே ஊறுகாய்ப் பிளம் வைத்தது, எனக்கு ரொம்பப் பிடித்தது. இருந்தாலும் கொடுத்தேன்.

மஃப்ளர்க்காரர் ஓயவில்லை. ஹீட்டரால் சீட்டு சுடுகிறது என்றார். பிறகு சுடவில்லை என்றார். அவர் வாயைத் திறந்தபோதெல்லாம் பெட்டியே ஒன்றாகச் சேர்ந்து அவரை அடக்கியது. டோக்கியோக்காரரும் மீன்கடைக்காரரும் ஏதோ பால்ய நண்பர்கள் போல இறங்கிப் போய் ஓட்டுநரோடு பனி வெட்டினார்கள்.

ஒன்றரை மணிக்கு ரயில் நகர்ந்தது. எல்லோரும் கைதட்டினோம். குரிஹாரா ஆரஞ்சுச் சுளையை மென்றுகொண்டே சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

என் ஸ்டேஷனிலேயேதான் மஃப்ளர்க்காரரும் இறங்கினார். வாசலில் அவருடைய மனைவி ஃப்ளாஸ்க்கோடு காத்திருந்தார்.

"இந்தாங்க, முள்ளங்கித் தேன். தொண்டை கட்டியிருக்குமே."

எனக்குப் பொறுக்கவில்லை. நேரே போனேன்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் இன்னைக்கு ரயில்ல போட்ட ஆட்டம் தெரியுமா? பாவம், அந்தக் கண்டக்டர்..."

"தெரியும்மா." அந்த அம்மா பெருமூச்சு விட்டார். "முப்பத்தெட்டு வருஷம் இவரும் இதே லைன்ல கண்டக்டர்தான். ரயில் நின்னா போதும், பெட்டி மொத்தமும் ஆளுக்கு நாலு வார்த்தை திட்டும். சாப்பிடாமப் படுத்துக்குவார். ரிட்டயராகி ஆறு வருஷமாச்சு. இப்பவும் டிவியில பனி எச்சரிக்கை சொன்னா, டிக்கெட் எடுத்துக்கிட்டு ஏறிடறார்."

"எதுக்கு? தான் வாங்கினதை அடுத்தவனுக்குத் திருப்பிக் கொடுக்கவா?"

மஃப்ளர்க்காரர் ஒரு வாய் குடித்தார். குரல் காற்றாகத்தான் வந்தது.

"ஏம்மா, நீங்களும் அவரைத் திட்டணும்னுதானே எழுந்தீங்க? அப்புறம் எதுக்கு உங்க சோத்து உருண்டையை எடுத்துக் கொடுத்தீங்க?"