அரை இஞ்ச் எண்ணெய்

எண்ணெய் பாட்டிலில் மாமா இஞ்ச் டேப்பை ஒட்டிவிட்டார்.

மாமா என்றால் என் வீட்டுக்காரரின் அப்பா. தையல்காரர். பழைய டேப்பில் ஒரு துண்டை வெட்டி, பாட்டிலில் மேலிருந்து கீழாக ஒட்டி, அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"ஒரு நாளைக்கு அரை இஞ்ச். அதுக்கு மேல இறங்கக் கூடாது."

அத்தை நாற்பது வருஷம் ஒரு கம்பெனி கேன்டீனில் சமைத்தவர்கள். கண்ணால் பார்த்தே முந்நூறு பேருக்கு உப்பு போட்ட கை அது. அந்தக் கைக்கு டேப் வைத்து அளவா என்று எனக்கே கோபம் வந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. நான் எப்போதுமே திறப்பதில்லை.

மூன்று மாதம் முன்னால் இரண்டு பேரும் ரத்தம் சோதிக்கப் போய் வந்தார்கள். அத்தை ஒன்றும் சொல்லாமல் நேரே அடுப்படிக்குப் போய்விட்டார்கள். மாமாதான் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். கொழுப்பு ஏறிவிட்டதாம். எண்ணெயையும் உப்பையும் குறைக்காவிட்டால் இதயம் தாங்காதாம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காலையில் ஓட்ஸ் கஞ்சி. மத்தியானம் கீரை, பயறு, ஆவியில் வெந்த மீன்.

மாமாவுக்கு மட்டும் தனியாக வைத்துத் தருகிறேன் என்று அத்தை சொல்லிப் பார்த்தார்கள். அவர் கேட்கவில்லை.

"பக்கத்துப் பாத்திரத்துல வேற ஒண்ணு இருந்தா என் கண்ணு அங்கதான் போகும். வீட்டுக்கே ஒரே சமையல்."

அதோடு விட்டாரா? அத்தை பக்கத்தில் உட்கார்ந்து அதையே சாப்பிட்டால்தான் அவருக்குத் தொண்டையில் இறங்குமாம். சாயங்காலம் நடக்கப் போனாலும் அத்தை கூடவே வர வேண்டும். வழியில் மயக்கம் வந்தால் யார் பிடிப்பது? அத்தை முழங்காலைத் தடவிக்கொண்டே செருப்பை மாட்டுவார்கள்.

"நோய் அப்பாவுக்கு, பத்தியம் நமக்கு" என்பார் என் வீட்டுக்காரர். முகம் சுளிக்காமல் சாப்பிட்டது எங்கள் பாப்பா ஒருத்திதான். அவளுக்கு இன்னும் இரண்டு வயசு ஆகவில்லை.

அத்தை சளைக்கவில்லை. உப்பு இல்லாத குறையைப் பூண்டு, மிளகு, எலுமிச்சை என்று எதையாவது வைத்து ஈடுகட்டப் பார்த்தார்கள். மாமா ஒரு வாய் வைத்துவிட்டு "பரவாயில்ல" என்பார். அந்த ஒரு சொல்லுக்கு அவ்வளவு பாடு.

மூன்று மாதம் முடிந்து மறுபடி ரத்தம் கொடுத்தார்கள். மறுநாள் மாமா மூக்குக்கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுத் தையல் கடைக்குப் போய்விட்டார். பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு நான் கொண்டுபோனேன்.

மாமா தையல் மிஷினுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பொட்டலம். எதிர்க்கடையில் பொரித்த உருளைக்கிழங்கு. இரண்டு கன்னமும் புடைத்திருந்தது.

என்னைப் பார்த்ததும் கையை ஒரு வெட்டுத்துணியில் துடைத்தார். வாயில் இருந்ததை விழுங்கினார். பிறகு பாவமாகச் சொன்னார்.

"இதுலகூட உப்பே இல்லம்மா."

கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் இதே யோசனைதான். அத்தை அங்கே அரை இஞ்சைத் தாண்டாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இவர் இங்கே இப்படி. நாளைக்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால், தன் சமையலில்தான் குறை என்று அத்தை அழமாட்டார்களா? சொல்லவா, வேண்டாமா?

சொல்லவில்லை. அடுத்த நாள் துணைக்கு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டரம்மா காகிதங்களைப் புரட்டினார். எடை பார்க்க அத்தையை நர்ஸோடு அனுப்பினார். கதவு சாத்தியதுதான் தாமதம், எனக்கு எங்கிருந்துதான் வாய் வந்ததோ.

"மாமா நேத்து கடையில பொரிச்சது சாப்பிட்டாங்க டாக்டர். நானே பார்த்தேன்."

டாக்டரம்மா மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார்.

"அவர் எப்பவாவது சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதும்மா. அவருக்கு எந்தக் கோளாறும் இல்ல. கொழுப்பு ஏறியிருந்தது உங்க அத்தைக்கு. இப்ப நல்லாவே இறங்கியிருக்கு. இனிமே பயமில்ல."

நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். மாமாதான் மெதுவாகச் சொன்னார்.

"அவகிட்ட அன்னைக்கே சொன்னாங்கம்மா. ஒத்த வாய்க்குத் தனியா உலை வைக்கணுமா, மாத்திரையே போதும்னுட்டா. தனக்குன்னா செய்யமாட்டா, எனக்குன்னா செய்வா. அதான் நெஞ்சைப் பிடிச்சேன். அவகிட்ட சொல்லிடாதம்மா."

நான் சரி என்று தலையாட்டினேன்.

அன்று சாயங்காலம் அத்தை பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அடுப்பைப் பற்ற வைத்தார்கள்.

"மாமாவுக்கு எல்லாம் நல்லபடியா இருக்காமே. இன்னைக்கு ஒரு நாள் உருளைக்கிழங்கு பொரிச்சுப் போடவா?"

பாட்டிலை எடுத்தே விட்டார்கள். நான் வாங்கிக் கீழே வைத்தேன்.

"வேணாம் அத்தை. மாமாவுக்கு ஆகாது."

பொய் சொன்னால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அத்தை என் முகத்தையே பார்த்தார்கள். பிறகு முன்னறையை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்கள்.

"அவருக்கு ஒண்ணுமில்லன்னும், எனக்காகத்தான் நெஞ்சைப் பிடிச்சார்னும் எனக்குத் தெரியாதா? நாளைக்கு அவருக்கும் வந்துடக் கூடாதேன்னு, எதிர்க்கடைக்காரர்கிட்ட இவர் பொட்டலத்துல மட்டும் உப்பு போடாதீங்கன்னு சொல்லி வச்சதே நான்தான். மாமாகிட்ட சொல்லிடாத."