புதுசுக்கு எழுநூறு

மண்ணூர்பேட்டை நர்சிங் ஹோமில் டாக்டர், ஜுபைதா நீட்டிய சர்ட்டிபிகேட்டைப் பார்த்தார்.

"பாஸ் பண்ணிட்டியே, சந்தோஷம். புது நர்ஸுக்கு எழுநூறு ரூபாய்மா."

"பரிமளாவுக்கு ஆயிரத்து இருநூறு குடுக்குறீங்களே சார்?"

"அவளுக்கு ஏழு வருஷ அனுபவம். மெஷின்ல விரல் நசுங்கி எவனாவது வந்தா, நான் வர்றதுக்குள்ள ரத்தத்தை நிறுத்திக் கட்டுப் போட்டிருப்பா. அந்தக் கைக்குத்தான் சம்பளம்."

ஜுபைதா அந்தச் சம்பளத்துக்காகத்தான், கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போட்டு, சின்னப் பெண்களோடு உட்கார்ந்து மூன்று வருஷம் படித்தாள்.

பக்கத்தில் நின்ற நர்ஸ் பரிமளாவுக்கே பொறுக்கவில்லை.

"சார், எனக்குக் கட்டுப் போடக் கத்துக் குடுத்ததே இந்த அக்காதான். படிக்கப் போறதுக்கு முன்னாடி, இங்கயே பதினோரு வருஷம் நர்ஸ் வேலை பாத்தவங்க."

"யார் இல்லைன்னா? ஆனா அப்ப சர்ட்டிபிகேட் கிடையாதே. ரிஜிஸ்தர்ல ஆயான்னுதான் இருக்கு. அதெல்லாம் நர்ஸ் அனுபவத்துல சேராது."

ஜுபைதா எழுந்து நின்றாள்.

"அந்த ஆயா வேலைக்கே எழுநூத்தம்பது வாங்கிகினு இருந்தேன் சார்."

"ஆமாம்மா," என்றார் டாக்டர் பொறுமையாக. "அது பதினோரு வருஷ அனுபவத்துக்கு."