நட்டநடுவில் ஒரு வீடு

"பொய்! பச்சைப் பொய்!"

ஸ்ரீஸ்கந்தராஜா மேசையில் ஓங்கி அடித்த அடியில் தேத்தண்ணிக் கோப்பை துள்ளியது. லண்டன் தோர்ண்டன் ஹீத் தமிழ்ச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். எதிரே, நாற்பத்தொரு வீடுகளில் எழுதி வாங்கிய வருமானப் படிவங்களோடு, அவர்கள் பேச்சில் 'போம்'களோடு, கனகாம்பிகை அக்கா இருந்தார்.

"எண்பத்தாறில கணக்கெடுக்கேக்க எங்கட சனத்தின்ர நடு வருமானம் ஏழாயிரம் பவுண். இப்ப தொண்ணூற்றி மூண்டில பதினாலாயிரமோ? இஞ்ச காசென்ன மரத்திலயே காய்க்குது?"

உள்ளூர்க் கவுன்சில் கேட்ட கணக்கு அது. எல்லா வீட்டு வருமானத்தையும் குறைந்ததிலிருந்து கூடியது வரை அடுக்கி, நட்டநடுவில் வருவதைப் பார்ப்பார்கள். அது பன்னிரண்டாயிரத்துக்குக் கீழே இருந்தால்தான் சங்கத்தின் இலவச நேர்சரிக்குப் பணம். மேலே போனால் அடுத்த மாதமே பூட்டு.

வாசலில் பெர்னடெற் இரண்டு வயது மகளை இடுப்பில் வைத்தபடி நின்றாள். முதியோர் இல்லம் ஒன்றில் கிளீனிங் வேலை. புருசன் இன்னும் கொழும்பில் விசாவுக்குக் காத்திருக்கிறான்.

"நேர்சரி பூட்டினா நான் வேலையை விடவேணும் ஐயா. இவளை ஆரிட்ட விட்டுட்டுப் போறது?"

"பயப்பிடாதை பிள்ளை. இந்தப் புளுகரை நான் சும்மா விடமாட்டன்."

"பிழை என்னிலதான் தம்பி" என்றார் அக்கா. "நான் போயிருக்கக் கூடாது."

பின்னே? லண்டனில் பாதிக் கலியாணம் அவர் பேசி ஒப்பேற்றியது. அவரே கதவைத் தட்டி, 'வீட்டில என்ன வருமானம்?' என்று கேட்டால் எந்தத் தாய் தகப்பன் உள்ளதைச் சொல்லும்?

"கவுன்சிலுக்கு எண்டு தொண்டை கிழியக் கத்தினன். 'ஓமோம், விளங்குது' எண்டு கண்ணைச் சிமிட்டிப்போட்டு, பெடியன்ர சாதகத்தையும் சேர்த்தெல்லே தருகினம்!"

பெர்னடெற்றுக்குக் கூடச் சிரிப்பு வந்துவிட்டது. தலைவர் சிரிக்கவில்லை.

"இருபத்தொராவது போம்தான் நடு. அதில பதினாலாயிரம். அதுக்கு முந்தினது எவ்வளவு?"

"பதினோராயிரத்து அறுநூறு."

தலைவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஐயோ அக்கா! அப்ப இந்த ஒரு ஆள் உண்மையை எழுதிக் கீழ போனாலே, அந்தப் பதினோராயிரத்து அறுநூறு நடுவுக்கு வந்திடும்! ஒரேயொரு ஆளின்ர புளுகால எல்லோ நேர்சரி போகுது! ஆர் அது?"

போமில் இலக்கம் மட்டும்தான். பெயர்கள் அக்காவின் கொப்பியில் இருந்தன. அக்கா கொப்பியைத் திறந்தார், பார்த்தார், மூடிவிட்டார்.

"வேண்டாம் தம்பி. நான் பிறகு அவையளோட ஆறுதலாக் கதைக்கிறன்."

"என்ன ஆறுதல்? இப்பவே போன் எடுத்து மானத்தை வாங்கிறன். புதுப் போமில உண்மையை எழுதித் தரவேணும், அதுதான் நியாயம். கைக்குழந்தையோட ஒருத்தி கண்கலங்கி நிக்கிறாள், வறட்டுக் கௌரவமோ பெரிசு? வாசியுங்கோ பேரை!"

"தம்பி, விடுங்கோவன்..."

"வாசியுங்கோ எண்டுறன்!"

அக்கா அவரைப் பார்க்காமலே சொன்னார்.

"உங்கட வீடுதான். உங்கட மனுசிதான் எழுதித் தந்தவா."

குழந்தை தாயின் சங்கிலியை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது.

"அவா பொய் எழுதேல்லைத் தம்பி. நீங்கள் வேலை செய்த ஃபாக்டரி பூட்டி மூண்டு மாசம் எண்டு என்ர மகன் சொன்னவன், அவனுக்கும் அங்கதானே வேலை போனது. நீங்கள்தான் வீட்டில இன்னும் சொல்லேல்லைப் போல. காலமை கழுத்தில ரை கட்டிக்கொண்டு வேலைக்கெண்டு வெளிக்கிட்டுப் போறியளாம்."

தலைவரின் முகம் வெளிறிப்போனது.

"மகளுக்குக் கலியாணம் பேசிற சட்டன் மாப்பிள்ளை பகுதிக்கு... இது தெரியுமோ?"

"நான் மூச்சுவிடேல்லை."

பெர்னடெற் மெல்ல வந்து, மேசையில் கிடந்த வெறும் போம் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பேனையையும் மூடி கழற்றி வைத்தாள்.

"ஐயா, புதுப் போம்..."

ஸ்ரீஸ்கந்தராஜா அதைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். பிறகு கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு எழும்பினார்.

"குடுத்த போமை மாத்திறது களவு, பிள்ளை. சங்கத்துக்கு எண்டு ஒரு நேர்மை இருக்கு. அக்கா, உள்ளது உள்ளபடியே கவுன்சிலுக்கு அனுப்புங்கோ."