மூன்று சொட்டு

ஒரு பீர் கிளாஸில் ஒரு சொட்டு விட்டாள் மாரென். கதவைத் திரும்பிப் பார்த்தாள், யாரும் இல்லை. அந்தக் கிளாஸை முகர்ந்தாள், பக்கத்துக் கிளாஸையும் முகர்ந்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இரண்டு சொட்டு விட்டாள்.

விஷம் இல்லை. பீரை ருசி பார்த்துக் குறை நிறை எழுதுகிற ஹார்லனுக்கு விஷம் வைத்தால் அதையும் வாயில் உருட்டிவிட்டு, 'கடைசியில் லேசாகப் பாதாம் வாசனை' என்று எழுதி வைப்பார். இது வெண்ணெய் எசென்ஸ். பீர் ருசி பார்க்கிறவர்களின் மூக்கைச் சோதிப்பதற்கென்றே விற்கிறார்கள். ஒரு கிளாஸுக்கு ஒரு சொட்டு போதும் என்று புட்டியில் போட்டிருந்தது.

பீரில் வெண்ணெய் வாடை அடித்தால் காய்ச்சியவருக்குத்தான் அவமானம். பீர் பக்குவப்படும் முன்பே அவசரப்பட்டு இறக்கிவிட்டார் என்று அர்த்தம். போன மாதம், புது பீர்களை ருசி பார்த்து அபிப்பிராயம் சொல்லும் வியாழக்கிழமைக் கூட்டத்தில், முப்பது பேருக்கு முன்னால் அந்த அவமானத்தை மாரெனுக்குக் கொடுத்தார் ஹார்லன். அவள் பீர் காய்ச்சும் பப்பின் முதலாளி லொரெய்ன் அவளுக்குத் தருவதாக இருந்த தலைமைப் பதவி அன்றோடு கிடப்பில் போனது.

லொரெய்னைக் குறை சொல்ல முடியாது. தனக்குப் பீரில் ஒன்றும் தெரியாது என்று அவரே ஒப்புக்கொள்வார். சாயங்காலம் கடை நிறைந்திருந்தாலும் ஓரமாக உட்கார்ந்து டீ குடிக்கிற பெண்மணி. அப்படிப்பட்டவர்கள் இருப்பதால்தானே ஹார்லன் மாதிரி ஆட்களின் பிழைப்பு ஓடுகிறது!

மாரென் ஒரு மாதம் யோசித்து விஷயத்தைப் பிடித்துவிட்டாள். பிறவியிலேயே வெண்ணெய் வாடை தெரியாத மூக்குகள் சில உண்டு. போர்ட்லண்டில் பீர் காய்ச்சுகிற அத்தனை பேருக்கும் இது தெரியும். ஹார்லனுடைய மூக்கு அந்த ரகம். அதை மறைக்கத்தான் மனிதர் எதைக் குடித்தாலும் வெண்ணெய் வெண்ணெய் என்று கூவுகிறார். இன்றைக்கு அந்த மூக்கை உடைத்துவிட்டால் பதவி தானாக வந்து சேரும்.

நான்கு கிளாஸையும் தட்டில் வைத்து எடுத்துப் போனாள். கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது. நீள மேஜையின் அந்தக் கோடியில் லொரெய்ன் டீக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். இந்தக் கோடியில் ஹார்லன், ஒவ்வொரு ருசிக்கும் நடுவே வாயைச் சுத்தம் செய்ய உப்பு பிஸ்கட்டுகளைக் கோத்த மாலை கழுத்தில் தொங்க, கல்யாண மாப்பிள்ளை மாதிரி.

"என்ன ஹார்லன், இன்னைக்கும் ஈரக் கோணி வாடை, குதிரைப் போர்வை வாடை எல்லாம் வருமா?"

"பீர்ல இருந்தா வரும் மாரென். நான் வீட்டுலேருந்து எடுத்துட்டு வர்றதில்ல."

முதல் கிளாஸைச் சுழற்றினார், கண்ணை மூடினார், முகர்ந்தார், ஒரு வாய் குடித்தார். ஒரு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு குறிப்பேட்டில் கிறுக்கினார். இரண்டாவதுக்கும் அதே பூஜை. மூன்றாவதைப் பாதி தூக்கினார்; மூக்குக்குக் கொண்டுபோகாமலே கீழே வைத்து, அட்டையால் மூடித் தள்ளிவிட்டார். நான்காவதுக்கு மறுபடியும் முழுப் பூஜை.

மாரெனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எதைப் பிடிக்க வேண்டுமோ அதை மட்டும் முகராமல் விட்டுவிட்டாரே இந்த மேதை!

"சொல்லுங்க, மூக்கு மகாராஜா."

"நாலுலயும் வெண்ணெய்."

இதற்காகத்தானே காத்திருந்தாள். "லொரெய்ன், கேட்டுக்குங்க! நாலும் ஒரே பீப்பாய். நான் வெண்ணெய் எசென்ஸ் விட்டது ஒண்ணே ஒண்ணுலதான். மிச்ச மூணுல இவருக்கு வெண்ணெய் எங்கேருந்து வந்துச்சாம்? தாடியிலேருந்தா?"

ஹார்லன் கோபப்படவில்லை. "நீ விட்டது மூணாவதுல. மத்ததுல இருக்கிறது நீ காய்ச்சும்போதே வந்தது."

"அட, மோந்தே பார்க்கலியே நீங்க! நாலுல ஒண்ணுன்னு குருட்டாம்போக்குல அடிச்சு விடுறீங்க!"

அட்டையை எடுத்து எறிந்தாள். மூன்றாவது கிளாஸுக்குள் மூக்கை விட்டு நெஞ்சு நிறைய இழுத்தாள். ஒரு மடக்கு குடித்தாள். கையோடு முதல் கிளாஸிலும் ஒரு மடக்கு.

"பாருங்க லொரெய்ன்! ஒரு சொட்டு விட வேண்டிய இடத்துல மூணு சொட்டு விட்டிருக்கேன். காய்ச்சின எனக்கே ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியல. இவருக்கு மட்டும் தூரத்துலயே தெரிஞ்சுடுச்சாம்! இந்த மூக்கை நம்பித்தான் என் பதவியை நிறுத்தி வச்சிருக்கீங்க!"

ஹார்லன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். எழுதியதை யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. அவர் முகத்தில் கிண்டல் இல்லாதது மாரெனுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. வெற்றியோடு மேஜையின் அந்தக் கோடியைப் பார்த்தாள்.

லொரெய்ன் டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மாரென்... எனக்கே இங்க வரைக்கும் வெண்ணெய் வாடை அடிக்குதேம்மா."