இரட்டைக் கோடு

இன்ஸ்பெக்டர் சிவப்புக் காரின் பின் டயரை விரலால் தேய்த்து, ஒட்டிய கறுப்பைத் தாளாளரிடம் காட்டினார். "இதுக்கு மேல என்ன சார் சாட்சி வேணும்?" என்றார் தாளாளர். எந்த டயரைத் தேய்த்தாலும் கறுப்புதான் ஒட்டும் என்பது விளையாட்டு ஆசிரியருக்குத் தெரியும்.

பள்ளியின் சிமென்ட் மைதானத்தில், கூடைப்பந்துக் கம்பத்தைச் சுற்றி, வட்ட வட்டமாக டயர் கருகிய தடங்கள். மூன்று வாரமாக ஞாயிறு காலைகளில் யாரோ காரைக் கொண்டுவந்து பம்பரம் சுற்றுவதுபோல் சுற்றிவிட்டுப் போயிருந்தார்கள். பள்ளியில் பந்தயக் கார் போல் இருந்தது ஒன்றே ஒன்றுதான், மச்சான் வெளிநாடு போகும்போது விளையாட்டு ஆசிரியரின் தலையில் கட்டிவிட்டுப் போன இந்தச் சிவப்பு வண்டி. வேலைநீக்கக் கடிதம் தயாராகத் தாளாளரின் சட்டைப்பையில் இருந்தது.

"சத்தியமா நான் இல்ல சார். ஞாயித்துக்கிழமை ஒன்பது மணிக்கு முன்னாடி நான் எந்திரிச்சதே இல்ல. என் வீட்டுக்காரியைக் கேட்டுப் பாருங்க."

"வீட்டுக்காரம்மா வேற என்னத்தைச் சொல்லுவாங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அப்போது தலைமையாசிரியையின் பழைய சாம்பல் நிறக் கார் வாசலில் மெதுவாகத் திரும்பியது. திரும்பும்போதெல்லாம் அதன் பின்பக்கம் கடகடவென்று முனகும். பிள்ளைகள் அதற்கு 'மூட்டுவலி' என்று பேர் வைத்திருந்தார்கள். முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவர், ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம். நோட்டில் ஓரக்கோடு கோணலாக இருந்தால்கூட மறுபடி எழுத வைப்பவர்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் தரையைக் குனிந்து பார்த்தார்.

"இது இவர் வண்டி இல்ல."

"எப்படிச் சொல்றீங்க மேடம்?"

"எத்தனை கோடு விழுந்திருக்கு, எண்ணுங்க. ரெண்டு. சாதாரண வண்டியில, எந்தச் சக்கரத்துக்குப் பிடிப்பு கம்மியோ அதுதான் வெறுமனே சுத்தும். வட்டம் போடும்போது உள்பக்கச் சக்கரத்து மேல பாரம் குறைஞ்சிரும், அது மட்டும் சுத்தித் தேயும். ஒத்தக் கோடுதான் விழும்."

"அப்ப ரெண்டு கோடு?"

"வேகமா ஓட்டறவங்க பின் அச்சுல லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்னு ஒண்ணு போட்டுக்குவாங்க. ஒரு சக்கரம் மட்டும் தனியா ஓடப் பாத்தா அது விடாது, ரெண்டையும் சேத்து இழுக்கும். அது இருந்தாத்தான் ரெண்டு கோடு. இவர் வண்டியில அது கிடையாது."

"எனக்கு ஒண்ணும் புரியல" என்றார் தாளாளர்.

"செஞ்சு காட்டச் சொல்லுங்க. பிள்ளைங்க வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."

ஆக, செய்யாத குற்றத்தைச் செய்யவில்லை என்று நிரூபிக்க, போலீஸ் முன்னிலையிலேயே அதைச் செய்யவேண்டியதாயிற்று. முதல் தடவை என்ஜின் அணைந்தது. இரண்டாம் தடவை வண்டி தவளைபோல் தத்தி நின்றது. தலைமையாசிரியை ஜன்னலருகே வந்து குனிந்தார்.

"ஸ்டியரிங்கை முழுசா ஒடிங்க. ஆக்ஸிலேட்டரை நல்லா மிதிச்சுட்டு கிளட்சைப் படக்குனு விடுங்க. பயப்படாதீங்க, பின்பக்கம் தானா சுத்தி வரும்."

மூன்றாம் தடவை டயர் கிறீச்சிட்டது, புகை கிளம்பியது. விளையாட்டு ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டே ஒரு வட்டம் போட்டு முடித்தார்.

இன்ஸ்பெக்டர் குந்தி உட்கார்ந்து பார்த்தார். சிமென்ட்டில் கறுப்பாக ஒரே ஒரு கோடு.

"இவரை விட்டுருங்க சார். இது வெளியாள் வேலை. முதல்ல கேட் பூட்டை மாத்துங்க" என்றார் இன்ஸ்பெக்டர் தாளாளரிடம்.

தாளாளர் கடிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்தார். கிழித்ததோடு நிற்காமல், "புதுச் சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் மேடம். இந்தக் காலத்துல வேற யாரை நம்பறது?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் மணி அடிப்பதற்கு முன் விளையாட்டு ஆசிரியர் தலைமையாசிரியையின் அறைக்குப் போனார். வாசலிலேயே கைகூப்பினார்.

"ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு நடுத்தெருவுல நின்னிருப்பேன் மேடம். இந்த நன்றியை எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

அவர் வருகைப் பதிவேட்டிலிருந்து நிமிரவில்லை. கையெழுத்தைப் போட்டு, பேனாவை மூடி வைத்தார்.

"நன்றியெல்லாம் வேணாம் சார், இனிமே நான் வேற கிரவுண்டு பாத்துக்கறேன்."