முழுசாகப் பார்த்தவர்கள்

“இதுல ஏதோ தில்லுமுல்லு இருக்கு. இவ வீடியோ எப்படி முதல்ல வரும்?”

தையல் டீச்சர் கைப்பேசியைக் கணவரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். ‘பேண்ட் ஜிப் மாற்றுவது எப்படி’ என்று தேடினால் எதிரே தையல் கடை வைத்திருப்பவள்தான் முதலில் வந்து நின்றாள். டீச்சரின் வீடியோவைப் பார்க்கத் திரையை எட்டுத் தடவை தள்ள வேண்டியிருந்தது.

கணவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “உன்னோடதும் நல்லாத்தானே இருக்கு?”

“நல்லா இருந்து என்ன? மேலே இருந்தாத்தான் நாலு பேர் கண்ணுல படும். மூணு மாசமா புதுசா ஒருத்திகூடச் சேரலை. இப்படியே போனா கிளாஸை இழுத்து மூட வேண்டியதுதான்.”

“அதுக்கு அவ என்ன பண்ணுவா பாவம்?”

“பாவமா? ஆள் வெச்சுப் பார்க்க வைக்கிறா. எனக்குத் தெரியாதா?”

அன்றிலிருந்து டீச்சரின் ஒரு கண் ஊசியிலும் ஒரு கண் எதிர்க்கடையிலும் இருந்தது. அங்கே கைப்பேசியோடு நுழைந்தவர்கள் எல்லோர் மேலும் சந்தேகம். பொத்தான் தைக்க வந்த தபால்காரர்கூடத் தப்பவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் எதிர்க்கடைக்காரியே படியேறி வந்தாள், கையில் லேப்டாப்போடு.

“அக்கா, ஒண்ணு கேட்கணும். சிரிக்கக் கூடாது.”

“சொல்லு.” டீச்சரின் குரலில் கத்தரி இருந்தது.

“என் வீடியோவை யாருமே ஒரு நிமிஷத்துக்கு மேல பார்க்க மாட்டாங்க. இப்ப ஒரு நாற்பது பேர் கடைசி வரைக்கும் பார்க்கறாங்க. திருப்பித் திருப்பிப் போட்டு வேற பார்க்கறாங்க. ‘ஜிப் கோணல்’, ‘தையல் நெளியுது’ன்னு கீழே ஒரே திட்டு.”

“திட்டினா கீழேதானே இறங்கணும்?”

“அந்த சைட்டுக்குத் திட்டும் ஒண்ணுதான், பாராட்டும் ஒண்ணுதான். முழுசா உட்கார்ந்து பார்த்தா, நல்ல வீடியோ போலிருக்குன்னு மேலே தூக்கி வெச்சிடுது. செவ்வாய், வெள்ளி, சாயங்காலம் ஏழு மணி. கரெக்டா வந்துடறாங்க. யாரா இருக்கும்க்கா?”

“எனக்கென்ன தெரியும்?”

அவள் தலை மறைந்ததும் கணவர் மெல்லத் திரும்பினார்.

“செவ்வாய், வெள்ளி, ஏழு மணி. உன் கிளாஸ் விடற நேரமாச்சே? எத்தனை பேர் படிக்கறாங்க?”

“நாற்பது.”

“என்ன வீட்டுப்பாடம் கொடுக்கறே?”

டீச்சர் துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அவ வீடியோவுல பத்துத் தப்பு கண்டுபிடிச்சு எழுதணும்னு...”

“உன் வீடியோ?”

“அதை ஏன் பார்க்கணும்? நான்தான் நேர்லயே சொல்லிக் கொடுத்துடறேனே.”

கணவர் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது.

சாயங்காலம் மாணவிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி கேட்டிருந்தாள்: ‘டீச்சர், இன்னிக்கு லிங்க் வரலையே?’

நெடுநேரம் யோசித்துவிட்டு, டீச்சர் எழுதினாள்:

‘இதில் பத்துத் தப்பு கண்டுபிடிக்கவும். தாட்சண்யம் வேண்டாம்.’

கீழே தன்னுடைய வீடியோவை இணைத்தாள்.